கால் வைக்க இடம்

போன மாதம் எமது காரியாலயத்துக்கு ஒரு விபத்து அறிக்கையின் பிரதி வந்தது. கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், வயது 52, மலையிலிருந்து இறங்கி வரும்போது விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். பெயர், பதிவு இலக்கம், மலையின் இலக்கம், நேரம் எல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. ‘விபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் மாத்திரம் ஒரே ஒரு சொல்: கவனயீனம்.

லயத்துக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்தோம். காலில் மாவுக்கட்டு. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவர் நீட்டி முழக்கவில்லை. “வச்ச காலு நிக்கல டீச்சர். அடுத்த கால வைக்க எடமும் இல்ல. நான் என்னா செய்ய?” என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விபரம் வந்தது. அந்தி நிறுவைக்குப் போகிற நேரம். காலையிலிருந்து தூறல். கூடை நிறைய ஈரக் கொழுந்து. கானுக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை இரண்டு மாதமாக உடைந்து கிடந்தது. எல்லோரும் பக்கத்திலிருந்த கல்லில் கால் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கல் பாசி பிடித்து வழுக்கியது. ஒரு பக்கம் தேயிலைச் செடியின் கட்டை, மற்றப் பக்கம் கான்.

அறிக்கையில் இருக்கும் சொல்லையும் அந்த அக்கா சொன்ன இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. எது சரி? இந்தக் கேள்விக்காகத்தான் இம்முறை ஆசிரியர் தலையங்கத்தைச் சம்பளத்தைப் பற்றி எழுதாமல் நடையைப் பற்றி எழுதுகிறோம். நடப்பதில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நடக்கும்போது நாம் இரண்டு காலில் நடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நடையின் பெரும்பகுதி ஒற்றைக் காலில்தான் கழிகிறது. நடக்கிற நேரத்தை நூறு பங்காக வைத்தால் ஏறக்குறைய எண்பது பங்கு நேரம் ஒரு கால்தான் நிலத்தில் இருக்கும், மற்றது காற்றில் போய்க்கொண்டிருக்கும். இரண்டு காலும் சேர்ந்து நிலத்தில் நிற்பது இருபது பங்குதான். அதற்கு மேல் இன்னொரு சங்கடம். மனித நடையை நீண்ட காலம் ஆராய்ந்த கனடாவின் பேராசிரியர் டேவிட் விண்டர் கணக்குச் சொன்னது போல, நம் உடல் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே இருக்கிறது. அதாவது மேல்பக்கம் கனத்த ஒரு பொருளை ஒற்றைக் கம்பில் நிறுத்தியபடி நகர்த்துகிறோம். ஒவ்வொரு அடியிலும் உடல் விழத் தொடங்குகிறது. அடுத்த கால் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் மறுபக்கம் விழத் தொடங்குகிறது.

முன்னுக்குப் போகிற வேகத்தைச் சமாளிப்பது உடலுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. பக்கவாட்டில் சாயாமல் இருப்பதுதான் பாடு. 2000 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நடக்கிறவர்களின் அடி நீளம் அதிகம் மாறவில்லை, இரண்டு பாதங்களுக்கு இடையிலான அகலம்தான் அடிக்கு அடி மாறிக்கொண்டிருந்தது என்று கண்டார்கள். கண்ணை மூடி நடக்கச் சொன்னபோது அந்த அகலத்தின் தடுமாற்றமே கூடுதலாக அதிகரித்தது. மூளை அடிக்கடி திருத்திக்கொண்டிருப்பது பக்கவாட்டைத்தான்.

எப்படித் திருத்துகிறது? அதற்குப் பிறகு நெதர்லாந்தைச் சேர்ந்த அட் ஹோஃப் என்பவர் இதை ஓர் எளிய விதியாகச் சொன்னார். உடலின் பாரம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதாது. அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பாரம் போய்ச் சேரப்போகும் இடம் தெரியும். அடுத்த பாதம் அந்த இடத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். வலப்பக்கம் வேகமாகச் சாய்ந்தால் வலது கால் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போய் விழும். மெதுவாகச் சாய்ந்தால் கொஞ்சம் உள்ளே விழும். யாரும் சொல்லித் தருவதில்லை. இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தசை காற்றில் போகும் காலைத் தேவையான பக்கம் இழுத்துக்கொள்கிறது.

பாடசாலையில் இதைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். செலவில்லாத பரிசோதனை. ஒரு வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சீமெந்துத் தரையில் நடக்கச் சொன்னோம். ஈரப் பாதச் சுவடு காய்வதற்குள் அடிமட்டத்தால் அளந்தார்கள். சாதாரணமாக நடந்தபோது இரண்டு குதிகால்களுக்கும் நடுவே நான்கைந்து விரல் அகலம். நடந்து போகிற பிள்ளையின் தோளைப் பக்கத்திலிருந்து இலேசாகத் தள்ளியபோது அடுத்த சுவடு தள்ளிய திசைக்கு ஒரு சாண் தூரம் போய் விழுந்தது. பிள்ளை விழவில்லை. பிறகு சோக்கட்டியால் ஓர் அடி அகலத்துக்கு இரண்டு கோடு கீறி, கோட்டுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அதேபோல் தள்ளினோம். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் கோட்டை மிதித்தார்கள். கோட்டை மதித்த ஒரு பையன் மாத்திரம் விழுந்தான். வகுப்பே சிரித்தது. தரம் 7 பிள்ளை ஒன்று எழுந்து, “டீச்சர், அவன் சொல்லு கேட்டதாலதான் விழுந்தான்” என்றது.

அந்தப் பையனின் இரண்டு கோடுகள்தான் நம்முடைய மலைக்குறுக்கு. மேல்பக்கம் தேயிலைக் கட்டை, கீழ்ப்பக்கம் கான், நடுவே ஒரு பாதம் வைக்கிற அகலம். காலைத் தள்ளி வைத்துச் சமாளிக்க உடலுக்குத் தெரியும். தள்ளி வைக்க இடம்தான் கிடையாது.

வைத்த காலை வைத்த பிறகு சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் கொஞ்சம்தான். பாதம் நிலத்தில் பதிந்த பின் கணுக்காலைத் திருப்பி, பாரத்தைப் பாதத்தின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றலாம். அதன் எல்லை பாதத்தின் அகலம். முழுப் பாதமும் தரையில் இருந்தால் நாலு விரல் அகலம் கிடைக்கும். பாதி பாதம் கல்லின் விளிம்பில் இருந்தால் இரண்டு விரல். கல்லில் பாசி இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே பாதம் விழும் இடத்தைத் தெரிவு செய்வதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. “வச்ச காலு நிக்கல, அடுத்த கால வைக்க எடமும் இல்ல” என்று அந்த அக்கா சொன்னதில் இந்த இரண்டு வழியும் இருக்கிறது. முதல் வழி பாசியால் போயிற்று. இரண்டாவது வழி கானால் போயிற்று. இதில் கவனயீனம் எங்கே வருகிறது?

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரடுமுரடான பாதையில் நடக்கிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கண்ணுக்குக் கருவி மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு அடி தூரம் முன்னால் பார்க்கிறார்கள். இப்போது வைக்கிற காலைப் பார்ப்பதில்லை, அதை ஏற்கெனவே பார்த்து முடித்தாயிற்று. வைக்கப்போகிற இடம் இரண்டு அடிக்கு முன்னமே தெரிந்தால்தான் உடல் அதற்கேற்ற வேகத்தையும் சாய்வையும் எடுத்துக்கொள்ளும். இடுப்பளவு புல் வளர்ந்த மலையில் இரண்டு அடி முன்னால் என்ன தெரியும்? கானின் விளிம்பைப் புல் மூடியிருக்கும். மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது.

அதைவிட, கொழுந்து எடுக்கிறவரின் கண் காலுக்கு உரியதே அல்ல. கண் கொழுந்தில் இருக்கிறது. இரண்டு இலையும் அரும்பும் எங்கே, முற்றல் எங்கே, வங்கி எங்கே என்று கண்ணும் கையும் ஓடிக்கொண்டிருக்க, கால் தானாக நிரையில் நகர்கிறது. அனுபவசாலியான அம்மாமார் நிரை மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். பாதத்தை வைத்தவுடன் பாரத்தைக் கொடுக்கமாட்டார்கள். விரலால் ஒருதரம் நிலத்தை அழுத்திப் பார்ப்பார்கள். கல் ஆடுகிறதா, மண் உள்வாங்குகிறதா என்று தெரிந்த பிறகுதான் இடுப்பு அந்தப் பக்கம் வரும். இறக்கத்தில் நேரே இறங்கமாட்டார்கள், பக்கவாட்டில் திரும்பி, சிறு சிறு அடியாக, கோணிக்கோணி இறங்குவார்கள். ஆராய்ச்சிசாலையில் இலட்சக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடித்ததைப் பாதத்தாலேயே படித்தவர்கள் அவர்கள். இதைக் கவனயீனம் என்று எழுதிய உத்தியோகத்தரைக் கூடையைக் கட்டிக்கொண்டு அந்த நிரையில் ஒருநாள் நிற்கச் சொல்ல ஆசையாக இருக்கிறது. சண்டைக்காகச் சொல்லவில்லை.

இந்தப் பாதக் கல்வி வேலை செய்வதற்கு உள்ளங்காலில் உணர்ச்சி இருக்க வேண்டும். நம் லயங்களில் சீனி வியாதி கூடிக்கொண்டு வருகிறது. சீனி நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் உள்ளங்காலின் உணர்ச்சி மங்கும். மங்கினால் கல் ஆடுவது தெரியாது, முள் குத்தியதும் தெரியாது. இரத்தசோகை உள்ளவர்களுக்குக் குனிந்து நிமிரும்போது தலை சுற்றும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிவதால் இளம் பெண்ணுக்கு வீக்கத்தோடு போகிற அதே விழுக்காடு 52 வயதில் முறிவாகிறது. கண் பார்வையும் அப்படித்தான். கொழுந்து தெரிகிறது என்பதற்காகப் படி தெரியும் என்று அர்த்தமில்லை. தோட்ட வைத்திய முகாமில் சீனியையும் பிரஷரையும் பார்க்கிறார்கள். காலைக் கழுவித் துடைத்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

இனிச் சுமை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் பாரத்தைத் தாங்கும் நம் முறையைப் பழைய காலத்து முறை என்று சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. 1986 இல் கென்யாவின் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. லுவோ பெண்கள் தலையில் சுமப்பவர்கள், கிகுயு பெண்கள் நெற்றியில் பட்டி கட்டி முதுகில் சுமப்பவர்கள், நம்மைப் போல. தங்கள் உடல் எடையில் 20 வீதம் வரையான சுமையை, சமதரையில், சும்மா நடப்பதைவிட மேலதிகச் சக்தி செலவழிக்காமல் அவர்களால் கொண்டுபோக முடிந்தது. அதற்கு மேல் போகப் போகச் செலவு ஏறியது. 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த 20 வீதம் என்பது 9 கிலோ. அதுவும் சமதரையில், சிறு வயதிலிருந்து பழகியவருக்கு. நம் மலையில் சமதரை எங்கே இருக்கிறது, பெரட்டுக் களத்தைத் தவிர?

ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் சொல்கிறார்கள். அதை எத்தனை தடவையில் நிறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு முதுகில் ஒரு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பது இருக்கிறது. மூன்று நிறுவை இருந்த இடத்தில் ஆள் குறைவு, லொறி குறைவு என்று இரண்டாக்கிய தோட்டங்கள் உண்டு. இரண்டாக்கினால் கூடை கனக்கிறது, கூடை நிறைந்த பிறகு கொழுந்துச் சாக்கிலும் கட்டித் தோளில் போட வேண்டியிருக்கிறது. முதுகின் நடுவில் இருக்கும் பாரம் உடலோடு சேர்ந்து ஆடும். ஒரு தோளில் தொங்கும் பாரம் உடலைத் தன் பக்கம் இழுக்கும். பக்கவாட்டுத்தான் நடையின் பலவீனமான இடம் என்று மேலே பார்த்தோம், அந்த இடத்திலேயே போய் இது இழுக்கிறது.

இதில் ஒரு கணக்கு எமக்கு எப்போதும் நெருடலாக இருக்கும். மழை நாளில் மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிறார்கள். கொழுந்து ஈரம், அதனால் பாரம் கூடக் காட்டுகிறது என்பது நியாயம். அந்தத் தண்ணீர் மடுவம் வரைக்கும் எப்படி வந்தது? ஒரு பெண்ணின் முதுகில்தான் வந்தது. தராசில் கழிபடுகிற பாரம் காலில் கழிபடவில்லை. வழுக்குகிற நாளில்தான் கூடையும் அதிகம் கனக்கிறது, அன்றைக்குத்தான் அந்தப் பாரத்துக்குக் காசும் இல்லை.

மழை நாளில் இன்னொன்றும் சேர்கிறது, அவசரம். நிறுவைக்குப் பிந்தினால் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். கடைசி அரை மணித்தியாலத்தில் இன்னும் இரண்டு கைப்பிடி எடுத்துக்கொண்டு ஓடி இறங்குகிறார்கள். களைத்த இடுப்புத் தசை காலைப் பிந்தித்தான் இழுக்கும். இறக்கத்தில் உடல் தானாக வேகம் எடுக்கும். குதிகால் பதிகிற அந்தக் கணத்தில்தான் செருப்பு வழுக்கும். எமக்குத் தெரிய வந்த விழுகைகளில் பல பகல் நிறுவைக்கும் அந்தி நிறுவைக்கும் போகிற வழியில் நடந்தவை. கொழுந்து எடுக்கும்போது நிரைக்குள் நடந்தவை குறைவு.

செருப்பு என்று சொன்னோம். நம்மில் பலர் மலைக்குப் போடுவது அடி தேய்ந்த இறப்பர்ச் செருப்பு. வீட்டில் புதிதாக ஒரு சோடி வந்தால் அது பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு, அல்லது கோயிலுக்கு. தேய்ந்தது மலைக்கு. வெறுங்காலில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று வயதானவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, உள்ளங்காலின் தோல் நிலத்தைப் படிக்கும். ஆனால் அட்டை, போத்தல் துண்டு, கவ்வாத்துப் பண்ணிய கட்டையின் கூர், மருந்து தெளித்த மண் எல்லாம் அதே தோலில்தான் படுகின்றன. அடியில் நல்ல வெட்டு உள்ள, குதிகாலைப் பிடிக்கிற, மழையில் உள்ளே தண்ணீர் தேங்காத ஒரு சோடி சப்பாத்துத்தான் தேவை. மருந்து அடிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் பூட்ஸ் ஒன்று இருக்கிறது, அது மலை ஏறிக் கொழுந்து எடுப்பதற்குப் பாரம். அதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கிறோம்.

கம்பனித் தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். மலை எப்போதும் சரிவுதான், மழை எப்போதும் பெய்கிறது, அன்றைக்கும் விழுந்தார்கள் என்பார்கள். மலையும் மழையும் மாறவில்லைதான். மாறியது வேறு. கானுக்கு என்று தனிக் கணக்கு இருந்தது, கான் வெட்டுகிற ஆட்கள் வருடத்தில் இத்தனை தடவை என்று இறங்குவார்கள். குறுக்குப் படியில் கல் பெயர்ந்தால் அதே கிழமையில் கல் வைக்கிற ஆள் இருந்தார். பழைய கங்காணிமாரைக் கேட்டுப் பாருங்கள். 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு ஆள் தொகை குறைந்துகொண்டே வந்தது. முதலில் கைவிடப்பட்டது கொழுந்தோடு நேரடியாகச் சம்பந்தப்படாத வேலைகள். படி, பலகை, கான், புல்லு. 2015 இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டபோது புல்லுக்கு அதைக் காரணமாகச் சொன்னார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அந்த அக்கா விழுந்த கானைப் போய்ப் பார்த்தோம், புல் தோள் அளவு நிற்கிறது.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஸ்டோருக்குள் ரோதை ஓடுகிற இடத்துக்கு 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. இயந்திரத்துக்கு வேலி வேண்டும், தரை ஒழுங்காக இருக்க வேண்டும், பரிசோதகர் வரலாம். ஸ்டோர் வாசலைத் தாண்டி மலைக்கு வந்துவிட்டால் அந்தச் சட்டம் கூட வருவதில்லை. தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலை செய்வது மலையில்தான். படியைப் பற்றிக் கேட்கிற பரிசோதகர் அங்கே கிடையாது.

ஆனால் விழுந்த பிறகு உதவுகிற சட்டம் ஒன்று இருக்கிறது, அது மலைக்கும் வரும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். விபத்து வேலையினாலும் வேலையின் போதும் நேர்ந்ததா என்பதுதான் அதன் முதல் கேள்வி. தொழிலாளி கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே என்பது நட்டஈட்டை மறுப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. இதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘கவனயீனம்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று உத்தியோகத்தர்கள் நினைக்கிறார்கள். அதைவிட, நம் ஆட்களும் அப்படியே நினைத்துக்கொண்டு, “நம்ம தப்புதானே” என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லின் உண்மையான பலன் அதுதான். கேட்க வருகிறவரின் வாயை அது கேட்பதற்கு முன்னமே மூடிவிடுகிறது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். விழுந்தால் முதலில் சுற்றிப் பார்ப்போம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. எழுந்து படங்கைத் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டு நடப்போம். இரவில் எண்ணெய் போட்டு உருவுவோம், சுளுக்கு எடுக்கிறவரிடம் போவோம். மூன்று நாள் கழித்து வீக்கம் இறங்காதபோது ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே விழுந்தாய் என்று கேட்கிறார்கள், வீட்டில் என்று சொல்லிவிடுகிறோம், பயத்தில். அதோடு நட்டஈடும் போய்விடும். விழுந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள், பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பேரின் பெயரையும் சொல்லுங்கள், தோட்ட டிஸ்பென்சரியில் எழுதச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் வேலைத்தலத்தில் விழுந்தேன் என்று சொல்லுங்கள். கையில் போன் இருக்கிற பிள்ளையை அனுப்பி விழுந்த இடத்தைப் படம் எடுக்கச் செய்யுங்கள். அடுத்த நாள் பலகை போட்டுவிடுவார்கள், பிறகு சாட்சி இருக்காது. ஒருவர் விழுந்தால் பலகை ஒரே நாளில் வருவது நமக்குத் தெரியாததா?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்திருக்கும்போது முதலில் கெட்டுப் போவது இந்தப் பாதக் கணக்குத்தான். பாரம் போகும் இடத்தை உடல் தப்பாகக் கணிக்கும். சம்பள நாள் இரவில் லயத்துப் படியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் லயத்தில் எண்ணிப் பார்க்கலாம். லயத்துப் படியும் கானும் சரியில்லை என்பது உண்மை, அதற்கும் போராடுவோம். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிள்ளைகள் அதே குறுக்கில்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். மழைக்காலத்துத் திங்கட்கிழமைகளில் முழங்கால் உரிந்து, வெள்ளை உடுப்பில் சேறோடு வருகிற பிள்ளைகளை எண்ணினால் ஒரு கை விரல் போதாது. சில பிள்ளைகள் அந்த உடுப்போடு வர வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். வரவு இடாப்பில் அது ‘காரணம் இல்லை’ என்று பதிவாகிறது. இதுவும் ‘கவனயீனம்’ மாதிரி ஒரு சொல்தான்.

எதிர்வரும் பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்று எமது மகளிர் பிரிவு தீர்மானித்திருக்கிறது. கானுக்குக் குறுக்கே வைக்கும் பலகையை இரண்டு அடி அகலத்துக்குக் குறையாமல் போட வேண்டும், ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். ஏன் இரண்டு அடி என்று துரை கேட்டால், தள்ளிவிட்டால் கால் ஒரு சாண் விலகிப் போகும், அந்தக் காலுக்கு இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். மடுவத்துக்குப் போகும் பிரதான குறுக்குகளில் கல்படி, மழைக்கு முன் புல் வெட்டு, கான் துப்பரவு. மழைக்கால மாதங்களில் மூன்று நிறுவை. வருடத்துக்கு ஒரு சோடி சப்பாத்து, ஆளின் அளவுக்கு. விபத்துப் படிவத்தில் காரணத்தை எழுதுவதற்கு முன் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்தபோது தோட்டக் கமிட்டியில் ஒருவர் கூட நிற்க வேண்டும். இவற்றில் பாதிக்குப் பெரிய காசு தேவையில்லை. சிலவற்றை நாள் சம்பளத்துக்கு இரண்டு ஆளைப் போட்டு ஒரு கிழமையில் முடிக்கலாம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்காசுக்குப் போகாத ஒரு நாளில், மலைக்குறுக்குகளை நடந்து பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த மலை, எந்தக் கான், பலகை இருக்கிறதா, படியில் எந்தக் கல் ஆடுகிறது, இதுவரை அங்கே யார் யார் விழுந்தார்கள். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் வழியைக் காட்டுவதற்கு வயதான கொழுந்துக்கார அம்மா ஒருவர் முன்னால் நடக்கட்டும். எந்த இடத்தில் அவர் காலை நிறுத்திச் சோதிக்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொப்பியின் பிரதியை மாத முடிவுக்கு முன் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

அந்த அக்காவின் படிவத்தைத் திருத்தித் தரும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். ‘கவனயீனம்’ என்பதை வெட்டிவிட்டு ‘கானின் பலகை உடைந்திருந்தது, கல் பாசி பிடித்திருந்தது’ என்று எழுத வேண்டும் என்பது கோரிக்கை. இரண்டு சாட்சிகள் கையொப்பம் வைத்திருக்கிறார்கள், ஒருவர் பெருவிரல் அடையாளம். இதழ் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. மாவுக்கட்டு இன்னும் மூன்று கிழமைக்கு இருக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.